அறுந்த பாலமும் அடங்காத சொல்லும்

1844ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1846ஆம் ஆண்டு சனவரி வரை, பாரிஸ் நகரத்து நாளிதழொன்றில் தொடர்கதையாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது அலெக்சாந்தர் தூமாவின் 'மான்டி கிறிஸ்டோ கோமகன்'. பழிவாங்கலும் புதையலும் சிறைமீட்சியும் நிறைந்த அந்நெடுங்கதையில் நுவார்த்தியே என்றொரு முதியவர் வருகிறார். வாத நோயால் கை கால் அசையாது, நாவும் எழாது, நாற்காலியில் கிடத்தப்பட்டவர் அவர். கண்கள் மட்டுமே அவருக்கு மிச்சம். ஒரு முறை இமை மூடினால் 'ஆம்'. பல முறை இமைத்தால் 'இல்லை'. விழிகளை மேல்நோக்கி உயர்த்தினால் ஏதோ வேண்டும் என்று பொருள். பேத்தி வலாந்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவருவாள். வேண்டிய எழுத்து வந்ததும் கிழவரின் கண் நிறுத்தும். பிறகு அகராதியைத் திறந்து, பத்திகளின் மீது விரலை ஓட்டுவாள். வேண்டிய சொல் வந்ததும் கண் மீண்டும் நிறுத்தும். இவ்வாறு ஒரு சொல்லைத் தேடியெடுத்து, அதன்வழி ஆவணப் பதிவாளரை வரவழைத்து, சட்டம் ஒப்பும் வகையில் தம் உயிலையே எழுதுவிக்கிறார் அம்முதியவர்.

இருபதாண்டு கழித்து, 1867இல், எமில் சோலா தம்முடைய 'தெரேஸ் ராக்கேன்' புதினத்தில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை அமைத்தார். மகனைக் கொன்றவர்கள் தன் மருமகளும் அவள் காதலனுமே என்று அறிந்துகொண்ட தாய், வாதத்தால் அசைவற்றுப் போயிருக்கிறாள். வாராவாரம் கூடும் நண்பர்கள் முன்னிலையில், எஞ்சியிருந்த ஆற்றலையெல்லாம் விரலுக்குத் திரட்டி, மேசை மீது எழுத்தெழுத்தாக அவர்கள் பெயரை வரைகிறாள். குற்றத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் விரல் ஓய்ந்துவிடுகிறது. முடியாத வாக்கியத்தை விருந்தினர் ஒருவர் தாமே முடித்துவைக்கிறார்: தன்னை அவர்கள் நன்றாகப் பேணுகிறார்கள் என்றுதான் கிழவி எழுதவந்தாளாம்!

நுவார்த்தியேக்கு ஒரு வாசகி கிடைத்தாள். ராக்கேன் அம்மைக்குக் கிடைக்கவில்லை. இவ்விரு கதைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நோயின் வேறுபாடன்று, கேட்பாரின் வேறுபாடே. மருத்துவ உலகம் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்ட மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் மருத்துவர்கள் இந்நோயின் வரலாற்றை எழுதும்போது அவ்விரு புதினங்களையும் முதலில் குறிப்பிடுவது வழக்கம். மூளைத்தண்டில் ஏற்படும் வாதம் மூளையின் பகுதிகளுக்கு இடையே உள்ள போக்குவரவை எங்ஙனம் அறுக்கிறது, அறுந்த பின்னும் எஞ்சுவது எது என்பதே அவ்வரலாறு.

பாலம் என்னும் பெயர்

மூளைத்தண்டு கட்டைவிரல் அளவே ஆன உறுப்பு. பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே அமைந்து, பின்புறத்துச் சிறுமூளையையும் இவற்றோடு இணைப்பது. மேலிருந்து கீழாக நடுமூளை, பாலம், முகுளம் என மூன்று பகுதிகள் உடையது. பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளுள் பத்து இணைகள் இத்தண்டோடு தொடர்புடையவை. மூச்சு, விழுங்குதல், விழியசைவு, முகபாவம், நாவின் புரளல் ஆகிய யாவும் இதன் வழியே நடக்கின்றன.

நடுப்பகுதிக்குப் பாலம் என்ற பெயர் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. மூளையை மேலிருந்து கீழாகச் சீவிச்சீவிப் பார்ப்பதே பழைய உடற்கூற்றாளர் வழக்கம். இத்தாலியரான கோன்ஸ்தான்சோ வரோலியோ அம்முறையை மாற்றி, மூளையை எடுத்துக் கவிழ்த்து அடியிலிருந்து ஆராய்ந்தார். 1573இல் பதுவா நகரில் வெளிவந்த நூலில், ஓடையொன்றின் மீது அமைந்த பாலம் போலக் குறுக்கே வளைந்து கிடக்கும் அப்பகுதியை அவர் வருணித்தார். இன்றளவும் அது 'வரோலியோவின் பாலம்' என்றே மருத்துவ நூல்களில் வழங்குகிறது. வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் தொழிலுக்கும் பொருந்திவிட்டது.

அப்பாலத்தைத் தாங்கும் குருதிக் குழாய்களை 1664இல் தெளிவாகக் காட்டியவர் ஆக்ஸ்போர்டின் தாமஸ் வில்லிஸ். அவருடைய நூலுக்குப் படங்கள் வரைந்தவருள் ஒருவர், பின்னாளில் இலண்டன் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். கழுத்து முள்ளெலும்புகளின் வழியே ஏறிவரும் இரு தமனிகள் முகுளத்தின் மேலெல்லையில் ஒன்றாகக் கலந்து, பாலத்தின் முன்முகத்தை ஒட்டி ஒரே தமனியாக மேலேறுகின்றன. அடித்தமனி எனப்படும் இது அடைபட்டால் பாலம் பட்டினி கிடக்கும். பெருமூளையின் அகன்ற பரப்பில் நேரும் சிறிய சேதம் ஒரு தெருவை மூடுவது போன்றது. பாலத்தில் நேரும் அதே அளவுச் சேதமோ எல்லாத் தெருக்களும் வந்துகூடும் துறையை மூடுவது போன்றது.

1709இல் மிஸ்திக்கேல்லி என்ற இத்தாலியரும், 1710இல் புர்ஃபூர் து பெத்தி என்ற பிரெஞ்சுப் படை மருத்துவரும், மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகள் முகுளத்தில் இடம் வலமாகக் குறுக்கே கடப்பதை விளக்கினர். வலப்பக்கத்து மூளை இடக்கையை ஆள்வதன் காரணம் அப்போது கண்முன் தெரிந்தது. இக்குறுக்குவழியால் மூளைத்தண்டு வாதம் ஒரு விந்தையான அடையாளத்தைப் பெற்றது. முகம் ஒரு பக்கமும் கைகால் மறுபக்கமும் செயலிழக்கும். 1856இல் பாரிஸ் மருத்துவர்களான மியார், குப்ளே ஆகியோர் இதனைத் தனித்தனியே பதிவுசெய்தனர். 1895இல் தான்சிக் நகரத்து அடால்ஃப் வாலன்பெர்க், முகுளத்தின் பக்கவாட்டில் நேரும் வாதத்தின் அறிகுறிகளை மட்டும் கொண்டு, அடைபட்ட இடம் இன்னதென்று நோயாளி உயிரோடிருக்கும்போதே கணித்தார். 1901இல் நடந்த பிணஆய்வு அக்கணிப்பு சரியே என்று காட்டியது. உடலில் தெரியும் குறிகளை வாசித்தே மூளைக்குள் ஊறு நேர்ந்த இடத்தைச் சுட்டும் கலை இவ்வாறு வளர்ந்தது.

இடமா, வழியா?

இதே காலத்தில் பெருமூளையைப் பற்றி ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. 1861இல் பால் புரோக்கா, 'தான்' என்னும் ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்புறத்து முன்மடலில் சேதத்தைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, சொல்லை உணரும் இடம் வேறு, சொல்லை ஆக்கும் இடம் வேறு, இரண்டையும் இணைக்கும் வழியும் ஒன்று உண்டு என்று விரித்துரைத்தார். இடத்தைப் போலவே வழியும் முதன்மையானது என்ற எண்ணம் அன்று முளைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்த வேண்டும். புரோக்காவின் நோயாளிக்கு ஊறு நேர்ந்த இடம் மொழியின் பட்டறை. அத்தகையோர்க்குச் சொல் கிடைப்பதே அரிது. மூளைத்தண்டு வாதத்திலோ பட்டறைக்கு ஊறில்லை. சொல் உருவாகிறது, இலக்கணம் பிழைப்பதில்லை, உவமை தோன்றுகிறது, நகைச்சுவையும் குன்றுவதில்லை. உதட்டுக்கும் நாவுக்கும் குரல்வளைக்கும் ஆணை கொண்டு செல்லும் இழைகள் பாலத்தில் அறுந்துபோகின்றன. முன்னதில் சொல் இல்லை. பின்னதில் சொல் செல்லும் தெரு இல்லை. வெளியே நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே மௌனமாகத் தோன்றுவதே இந்நோயின் கொடுமை.

பாலத்தின் முன்புறமாக இறங்குவன இயக்க இழைகள். அங்கேயே நின்று, குறுக்காகக் கடந்து சிறுமூளைக்குச் செல்லும் இழைகள் அவற்றினும் பல மடங்கு மிகுதி. பாலத்தின் பின்புறத்திலோ வலைப்பின்னல் போன்றதொரு நரம்பமைப்பு உண்டு. அதன் தொழிலை 1949இல் வெளிப்படுத்தியவர்கள், இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்றிருந்த ஜுசெப்பே மொருத்சியும் அமெரிக்கரான ஹொரேஸ் மகூனும் ஆவர். மயக்கமூட்டிய பூனைகளில் அவ்வலைப்பின்னலை மின்னால் தூண்டியபோது, பெருமூளையின் மின்னலைகள் உறக்கத்தின் நெடிய அலைகளை விட்டு விழிப்பின் விரைந்த அலைகளாக மாறின. விளக்கேற்றும் திரி மேலே இல்லை, கீழே இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

இதனால், முன்புறம் மட்டும் சேதமுற்றால் மனிதன் முழு விழிப்போடு அசைவற்றுப் போகிறான். பின்புறத்து வலைப்பின்னலும் சேர்ந்து சிதைந்தால் நினைவிழக்கிறான். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்களே. படுக்கையருகே நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

தொலைவில் அணையும் விளக்குகள்

ஓரிடத்தில் ஊறு நேர்ந்தால் தொலைவிலுள்ள, ஊறுபடாத மற்றோரிடம் ஏன் சோர்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர், உருசியாவில் பிறந்து சூரிக்கில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் வான் மொனாக்கோவ். 1914இல் வெளிவந்த தம் பெருநூலில் 'டையாஸ்கிசிஸ்' என்னும் கருத்தை அவர் நிலைநிறுத்தினார். தொலைத்தளர்ச்சி என அதைத் தமிழில் கூறலாம். ஆற்றின் மேற்பகுதியில் மடை உடைந்தால், உடைப்பில்லாத கடைமடையும் வறள்கிறதன்றோ? அதுபோல, நரம்பு வழியே வந்துகொண்டிருந்த தூண்டல் நின்றதும் மறுமுனையும் தொழிலில் தளர்கிறது. நாளடைவில் ஓரளவு தேறவும் கூடும் என்பது அவர் கருத்து.

அவர் காலத்தில் இதைக் கண்ணால் காட்ட வழியில்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், மூளையின் குருதியோட்டத்தையும் உயிர்வளிச் செலவையும் படமாக்கும் கருவி வந்த பிறகு, பிரான்சின் ழான்-க்ளோத் பாரோன் முதலியோர் அதைக் காட்டினர். பெருமூளையின் ஒரு பக்கத்தில் வாதம் கண்டவர்களுக்கு, எந்தச் சேதமும் இல்லாத எதிர்ப்பக்கச் சிறுமூளை மங்கித் தெரிந்தது. இரண்டுக்கும் இடையே செல்லும் வழி பாலத்தின் வழியே கடப்பது. பாலத்தின் ஒரு கரை இடிந்தால் மறுகரையின் சந்தையும் கலைகிறது.

இவ்வழி அறுவதால் தளர்வது கைகால் மட்டுமன்று. பாலத்தில் வாதம் கண்டவர் சிலர் காரணமின்றி அழுவதும், துயரச் செய்தி கேட்டுச் சிரிப்பதும் உண்டு. உள்ளத்தில் அந்த உணர்ச்சி இராது. முகமும் மூச்சும் மட்டும் அதை நடிக்கும். 1924இல் கின்னியர் வில்சன் இதை விரிவாக ஆராய்ந்தார். 2001இல் பர்விசி, தமாசியோ ஆகியோரும் உடனாய்வாளரும் ஒரு விளக்கம் தந்தனர். எந்தச் சூழலில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை தகும் என்று அளவிட்டுச் சரிசெய்வதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு. பெருமூளை அனுப்பும் சூழற்குறிப்பு பாலத்தில் அறுவதால் அவ்வளவு பிறழ்கிறது என்பது அது. மெய்ப்பாட்டை இலக்கணத்தின் உறுப்பாகவே வகுத்த மொழியினர்க்கு இச்செய்தி எண்ணிப் பார்க்கத் தக்கது. சுவையும் மெய்ப்பாடும் இணைந்தே வருவன என்று கொள்கிறோம். அவற்றை இணைப்பதும் ஒரு நரம்பு வழிதான்.

நடுமூளையில் நேரும் ஊறு வேறொரு விந்தையைக் காட்டியது. 1922இல் பாரிஸ் மருத்துவர் ழான் லேர்மித், மாலை மங்கும் வேளையில் இல்லாத விலங்குகளைக் கண்ட முதிய பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதினார். அவை மெய்யல்ல என்பதை அவர் அறிந்தே இருந்தார். 1927இல் பெல்ஜிய மருத்துவர் வான் போகார்ட் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டார். காட்சியைக் காணும் புறணி தலையின் பின்கோடியில் இருக்க, தண்டில் பட்ட அடியால் காட்சி ஏன் எழவேண்டும்? 2015இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். இத்தகைய காட்சி கண்டவர்களின் சேதங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஆயினும் அவ்விடங்களை நலமுற்ற மூளைகளின் தொடர்பு வரைபடத்தோடு ஒப்பிட்டபோது, அவை காட்சிப் புறணியின் ஒரே பகுதியோடு தொடர்புடையன என்று தெரிந்தது. ஊறு ஓரிடத்தில், அறிகுறி வேறிடத்தில் என்ற மொனாக்கோவின் கருத்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் வரைபடமாயிற்று.

பெயர் பிறந்த ஆண்டு

அடித்தமனி அடைபட்டுப் பாலம் மென்மையுற்றதால் உண்டான இந்நிலையைப் பற்றிய மருத்துவக் குறிப்பைப் பிரெஞ்சு மருத்துவர் தாரோல் 1875இலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும் அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது 1966இல். நியூயார்க் மருத்துவர்களான ஃபிரெட் பிளம், ஜெரோம் போஸ்னர் ஆகிய இருவரும் நினைவிழப்பு பற்றி எழுதிய நூலில் இதனை 'லாக்ட்-இன் சின்ட்ரோம்' என்றனர். பூட்டுண்ட நிலை என்று சொல்லலாம். உடலே சிறையாக, உள்ளே விழித்திருக்கும் உயிர்.

இந்நிலையில் விழியின் மேல்-கீழ் அசைவும் இமைப்பும் மட்டும் தப்புவதற்குக் காரணம் உடற்கூற்றிலேயே உள்ளது. விழியை இடவலமாகத் திருப்பும் நரம்பு மையம் பாலத்தில் இருப்பதால் அது பாலத்தோடு போகிறது. விழியை மேலும் கீழும் அசைப்பதும் மேலிமையைத் தூக்குவதும் நடுமூளையின் வேலை. அது இடிபாட்டுக்கு மேலே நிற்கிறது. நுவார்த்தியே விழிகளை விண்ணோக்கி உயர்த்துவதாகத் தூமா எழுதியபோது, இக்காரணத்தை அறிந்த மருத்துவர் எவரும் இருந்திலர். 1979இல் ஆஸ்திரிய மருத்துவர்களான பவுவரும் அவர்தம் கூட்டாளிகளும் இந்நிலையை மூவகைப்படுத்தினர். கண்ணசைவு மட்டும் எஞ்சியது ஒன்று. வேறு சில சிறு அசைவுகளும் எஞ்சியது மற்றொன்று. கண்ணும் அடங்கியது மூன்றாவது. மூன்றாவதில் விழிப்பு உண்டு, சொல்ல வழி ஏதும் இல்லை.

பெயர் பிறந்த அதே 1966இல், நியூயார்க் மாநிலத்தில் ஜூலியா தவலாரோ என்னும் இளம் தாய் மூளை வாதத்தால் வீழ்ந்தார். நினைவு திரும்பியபோது உடல் திரும்பவில்லை. மருத்துவமனையொன்றில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் உணர்வற்றவராகவே அவர் கருதப்பட்டார். தன் படுக்கையைச் சுற்றி நடந்த பேச்செல்லாம் அவர் செவியில் விழுந்துகொண்டிருந்தது. தன்னைப் பற்றி, தன் எதிரிலேயே, தான் இல்லாதது போலப் பேசியவற்றையும் அவர் கேட்டார். 1973இல் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அவர் விழியில் ஏதோ ஓர் இசைவைக் கண்டு, ஆம் என்றால் மேலே பார்க்கும்படி கேட்டார். விழிகள் மேலே எழுந்தன. ஆறு ஆண்டுகளில் அவரிடம் முறையாக வினவப்பட்ட முதல் வினா அது.

அதற்குப் பின் அவர் எழுத்துப் பலகையைக் கண்ணால் சுட்டிச் சொற்களை ஆக்கினார், தலையின் சிற்றசைவால் இயங்கும் கருவியையும் பழகினார், கவிதை எழுதினார். கவிஞர் ரிச்சர்ட் டேசனோடு சேர்ந்து 1997இல் தம் வரலாற்றை நூலாக்கினார். 'ஆமென்றால் மேலே பார்' என்னும் பொருள்படும் தலைப்பே அதற்கு அமைந்தது. 2003இல் மறைந்தார். ஓர் அடிக்கு ஒரு பொழுது என்ற கணக்கில் வளர்ந்த கவிதைகள் அவருடையவை. ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன் அது தேவைதானா என்று அவரைப்போல் எண்ணிப் பார்த்த கவிஞர் சிலரே இருக்கக்கூடும்.

இமையால் எழுதிய நூல்

அதே 1997இல் பாரிசில் வேறொரு நூல் வெளிவந்தது. 'எல்' என்னும் பெண்கள் இதழின் ஆசிரியராயிருந்த ழான்-தொமினிக் போபி, 1995 டிசம்பர் 8ஆம் நாள், தம் 43ஆம் வயதில் மூளைத்தண்டு வாதத்துக்கு ஆளானார். சுமார் இருபது நாள் நினைவிழந்திருந்து கண் விழித்தார். இடக்கண் இமை ஒன்றே அவர் ஆணைக்கு அடங்கியது. வடபிரான்சின் பெர்க் கடற்கரை மருத்துவமனையில், க்ளோத் மாந்திபில் என்னும் பெண்மணி நாள்தோறும் வந்து எழுத்துகளை உரக்கச் சொல்வார். பிரெஞ்சு மொழியில் எந்த எழுத்து மிகுதியாக வருமோ அது முன்னும், அருகி வருவது பின்னுமாக வரிசை மாற்றப்பட்டிருந்தது. வேண்டிய எழுத்தில் இமை விழும். விடியற்காலையிலேயே பத்தியை மனத்துள் செப்பனிட்டு மனப்பாடம் செய்துகொண்டு, அவர் வரும்வரை காத்திருப்பார் போபி. திருத்தவும் அடிக்கவும் வாய்ப்பில்லாத எழுத்து அது. நூல் 1997 மார்ச்சில் வெளிவந்தது. அதே மார்ச் 9ஆம் நாள் அவர் மறைந்தார். இந்நிலையில் உள்ளோர்க்காக அவர் தொடங்கிய சங்கம் பிரான்சில் அவருக்குப் பின்னும் பணி தொடர்ந்தது. 2007இல் நூல் திரைப்படமாகவும் ஆயிற்று.

ஏட்டோலையும் எழுத்தாணியும் இல்லாத காலத்தும் பாட்டு நின்றது மனப்பாடத்தால் என்பதைத் தமிழர் அறிவர். போபியின் காலைப்பொழுதுகள் அத்தொன்மையான முறைக்குத் திரும்பியவை. அகரவரிசையை மாற்றியமைத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. அம்முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் 247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக உரைக்க வேண்டியதில்லை. முதலில் 18 மெய்களுள் ஒன்று, பின் 12 உயிர்களுள் ஒன்று என இரு வினாக்களில் ஓர் உயிர்மெய்யை எட்டிவிடலாம். உயிரும் மெய்யும் எனப் பகுத்த பழைய இலக்கணமே இங்கு ஒரு கருவியாக உதவும்.

மூளை மறக்கவில்லை

பாலம் அறுந்து பல ஆண்டுகள் ஆன பின், ஆணையிடும் பெருமூளைப் பகுதி தன் தொழிலை மறந்துவிடாதா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. தொலைத்தளர்ச்சிக் கொள்கையைப் பின்பற்றினால் அவ்வையம் எழுவது இயல்பே. அதற்கு விடை கிடைத்தது இந்நூற்றாண்டில்.

2012இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, ஏறத்தாழ 15 ஆண்டுகளாக மூளைத்தண்டு வாதத்தால் கைகால் அசையாதிருந்த ஒரு பெண்மணியின் இயக்கப் புறணியில் சிறிய மின்வாய்த் தகடு ஒன்றைப் பதித்து, அவர் நினைக்கும் அசைவைக் கணினியால் வாசித்து, எந்திரக் கையை இயக்கச் செய்ததை வெளியிட்டது. காப்பி நிறைந்த குப்பியை எந்திரக் கையால் தாமே வாயருகே கொணர்ந்து உறிஞ்சிக் குடித்தார் அவர். குடித்து முடித்தபின் அவர் முகத்தில் மலர்ந்த புன்னகை, படத்தைக் கண்டவர்க்கெல்லாம் நினைவில் நின்றது.

2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அடுத்த படியை எட்டினர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிழந்திருந்த ஒருவரின் மூளைப்பரப்பில் மின்வாய்களைப் படுக்கவைத்து, அவர் பேச முயன்றபோது எழுந்த அலைகளிலிருந்து சொற்களை மீட்டனர். ஐம்பதே சொற்கள் கொண்ட அகராதி. நிமிடத்துக்குச் சுமார் 15 சொற்கள். நான்கில் மூன்று சரியாக வந்தன. 2023இல் அதே நிறுவனத்தார், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இவ்வாதத்தால் பேச்சிழந்த பெண்மணி ஒருவருக்கு 253 மின்வாய்களைக் கொண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சொற்கள் வரை மீட்டுத் தந்தனர். திரையில் ஓர் உருவம் முகபாவத்தோடு பேசியது. அதற்கான குரலை அவருடைய திருமணக் காணொளியிலிருந்து எடுத்து அமைத்தனர். இழப்பதற்கு முன் அவர் பேசிய அதே குரல்.

இவ்வாய்வுகள் கருவியின் வெற்றியை மட்டும் காட்டவில்லை. உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஒவ்வொன்றுக்கும் உரிய வரைபடம் பெருமூளையில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கலையாமல் இருந்ததையும் காட்டின. ஆணைகள் அன்றாடம் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. கொண்டுசேர்க்கும் இழை இல்லாததால் அவை பாலத்தின் இக்கரையிலேயே நின்றன.

பாலம் முற்றும் இடியுமுன் காக்கும் முயற்சியிலும் முன்னேற்றம் உண்டு. அடித்தமனியில் அடைத்த கட்டியைத் தொடைத்தமனி போன்றதொரு குழாய் வழியே நுண்குழல் செலுத்தி வெளியே எடுக்கும் மருத்துவத்தால், குறித்த மணிநேரத்துக்குள் வந்தவர்களில் நல்ல நிலைக்குத் தேறுவோர் தொகை கணிசமாகக் கூடுகிறது என்று சீனாவில் நடந்த இரு பெரும் ஆய்வுகள் 2022இல் நிறுவின. தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்க இயலாமை ஆகியவை திடீரெனச் சேர்ந்து வந்தால் காலம் தாழ்த்தலாகாது என்பது அதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடம்.

கேட்பவர் கடமை

2002இல் வெளியான ஆய்வொன்று, பிரெஞ்சுச் சங்கத்தைச் சார்ந்த பூட்டுண்ட நிலையினர் 44 பேரைப் பற்றியது. நோய் கண்டபின் இந்நிலை இன்னதென்று கண்டறியச் சராசரியாக இரண்டரை மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளே உணர்வு விழித்திருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர், பாதிக்கும் மேற்பட்டோரிடத்தில், குடும்பத்தாருள் ஒருவரே. மருத்துவர் முதலில் கண்டது அதனினும் குறைவு. தூமாவின் கதையில் தகப்பனாகிய வில்ஃபோர் அல்லன், பேத்தி வலாந்தீனே அகராதியைத் திறந்தாள் என்பது வெறும் கற்பனை நயம் அன்று போலும்.

2011இல் பெல்ஜியத்தின் லியேஜ் ஆய்வாளர்கள் இத்தகையோரிடம் வாழ்வு எப்படி இருக்கிறது என்று நேரடியாகவே வினவினர். 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் மகிழ்ச்சியின்றி இருப்பதாகவும் கூறினர். வெளியே நின்று இரங்குவோர் எதிர்பார்க்கும் கணக்கு இதுவன்று. மகிழ்ச்சியில்லை என்றோரின் குறைகளுள் வெளியே சென்று இயங்க இயலாமையும் இருந்தது. அவர்கள் சொன்னதில் எது சரியான விடை என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. அவர்களிடம் கேட்கப்பட்டது என்பதே இவ்வரலாற்றில் பெரிய செய்தி.

வரோலியோ மூளையைக் கவிழ்த்துப் பார்த்த 1573 தொடங்கி, 253 மின்வாய்கள் சொல்லைக் கவர்ந்த 2023 வரை, நானூற்றைம்பது ஆண்டுகள். இந்நெடிய காலத்தில் பாலத்தின் இழைகள் எண்ணப்பட்டன. அதன் குருதிவழிகள் வரையப்பட்டன. அதன் இடிபாடு எங்கெல்லாம் எதிரொலிக்கிறது என்று அறியப்பட்டது. ஆயினும் தவலாரோவின் ஆறு ஆண்டுகளை முடித்துவைத்தது கருவி எதுவும் அன்று. படுக்கையருகே வந்த ஒருவர், கிடப்பவர் கேட்கிறார் என்று எண்ணி ஒரு வினா வினவினார். விடை வரும்வரை அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.